நூலக்காவும் ‘முடியாது’ பட்டனும்

அவளுக்கு உட்கார வராது. நாற்காலி கிடைத்தாலும் நுனியில்தான் உட்காருவாள். துணி காயப்போட்டால் சட்டைகளின் அடிவிளிம்பு எல்லாம் ஒரே கோட்டில் நிற்கும்வரை கொடியைச் சுற்றிச் சுற்றி வருவாள். சுவரில் நாள்காட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், அடுத்தவர் வீடு என்றும் பாராமல் எழுந்துபோய் நேராக்கிவிட்டு வந்துதான் பேச்சைத் தொடருவாள். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் அதைச் செய்துவிட்டாள். அவள் கணவர் வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் விழுந்து விழுந்து சிரித்தார்.

இந்தக் குணத்துக்குத் தோதாகத்தான் அவளுக்கு வேலையும் அமைந்தது. ஓர் இணையதளம் எந்தக் கணினியில், எந்த போனில், எந்த பிரவுசரில் திறந்தாலும் ஒரே அளவாக, ஒரே ஒழுங்காகத் தெரியும்படி செய்வது அவள் தொழில். தலைப்பு இங்கே பெரிதாகவும் அங்கே சிறிதாகவும் இருக்கக் கூடாது. பட்டன் ஒன்றில் மேலேயும் இன்னொன்றில் கீழேயும் நிற்கக் கூடாது. எல்லாமே நூல் பிடித்தாற்போல இருக்க வேண்டும். அலுவலகத்தில் அவளுக்கு ‘நூலக்கா’ என்று பேர் வைத்துவிட்டார்கள். முதலாளி அவளைவிட வயதில் சின்னவர், அவருக்கும் அவள் நூலக்காதான்.

அலுவலகம் ஒரு மெத்தைக் கடைக்கு மாடியில் இருந்தது. படியேறும்போதே பஞ்சும் பசையுமாக ஒரு வாடை வந்து மூக்கை அடைக்கும். அவள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு செருப்பு ரேக். அதில் செருப்புக்குப் பதிலாக போன்கள். கண்ணாடி விரிசல் விட்டது, முதுகு உப்பியது, சார்ஜரைப் பிடுங்கினால் உயிரை விடுவது என்று வகைக்கு ஒன்றாக வரிசையில் கிடக்கும். ஒரு பக்கத்தைச் செய்து முடித்தால் அத்தனை போன்களிலும் அதைத் திறந்து பார்ப்பாள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவிப் பார்ப்பதில் பாதி நாள் போய்விடும்.

பார்க்காமலும் முடியாது. பிரவுசர் ஒவ்வொன்றும் தன் பிறந்த வீட்டுப் பழக்கத்தை விடுவதில்லை. பக்கத்தைச் செய்தவர் ஒன்றும் சொல்லாவிட்டால் ஓரத்தில் எவ்வளவு இடம் விடலாம், தலைப்பை எவ்வளவு பெரிதாகக் காட்டலாம் என்று அதுவே முடிவுசெய்துகொள்ளும். ஒன்று சொன்னதை இன்னொன்று கேட்காது. அதனால் அவள் முதல் வேலையாக எல்லாப் பழக்கத்தையும் துடைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிடுவாள். அப்புறம்தான் ஒவ்வோர் அளவாகத் தன் கையால் எழுதுவாள். அப்போதும் தமிழ் எழுத்து சும்மா இருக்காது. ஒன்றில் ‘கி’யின் கொக்கி மேல்வரியில் போய் இடிக்கும், இன்னொன்றில் ‘ழு’வின் வால் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். வெட்டுப்பட்ட வாலைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

அவள் கணவர் நேர் எதிர். ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிரைவர். டிப்போவில் அவருக்கு ‘நிதானம்’ என்று பேர். பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருபவர்கூட அசைய மாட்டார் என்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். அவள் பரபரவென்று ஒரு பக்கம் பறந்துகொண்டிருப்பாள், அவர் இன்னொரு பக்கம் காலை நீட்டி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த பஸ் கம்பெனிக்கு ஓர் இணையப் பக்கம் செய்துகொடுக்கும் வேலை அவளுக்கு அவர் மூலமாக வந்ததுதான். யார் எந்த பஸ்ஸை எந்த நேரத்துக்கு எடுக்க வேண்டும் என்பதை அதுவரை டிப்போ சுவரில் ஒரு பலகையில் எழுதிப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை போனிலேயே பார்க்கும்படி செய்துவிடலாம் என்று மேனேஜருக்கு ஆசை வந்தது. யாருக்காவது ஆள் தெரியுமா என்று டிப்போவில் கேட்டார். "ஏன் சார், எங்க வீட்டுக்காரம்மா இருக்காங்களே," என்று கூட்டத்துக்கு நடுவில் நிதானம் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று அவரோடு வண்டியில் போகும் கண்டக்டர் தம்பி வந்து அவளிடம் நடித்துக் காட்டினான். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவள் செய்ய வேண்டிய பக்கம் இதுதான்: டிரைவர் ஒவ்வொருவரும் தன் பெயருக்கு நேரே நாளைய பஸ் எண்ணையும் நேரத்தையும் பார்ப்பார். அடியில் பக்கத்துக்குப் பக்கமாக இரண்டு பட்டன்: ‘ஏற்கிறேன்’, ‘முடியாது’. மாலை ஆறு மணிக்குள் ஏதாவது ஒன்றை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. அது மேனேஜர் போட்ட சட்டம். கூடவே ஒரு புகார்ப் பெட்டியும் வைக்கச் சொன்னார். அதில் பெயர் கேட்கக் கூடாது என்றார். பெயர் கேட்டால் ஒருவனும் வாயைத் திறக்க மாட்டான் என்பது அவர் அனுபவம்.

மேனேஜர் இன்னொன்றும் சொன்னார். "மேடம், என் கம்ப்யூட்டர்ல ஒரு மாதிரி தெரியுது, என் போன்ல ஒரு மாதிரி தெரியுது, எங்க வீட்டம்மா போன்ல வேற மாதிரி தெரியுது. ஒரே பக்கம் தானே. எங்க திறந்தாலும் அச்சு அசலா ஒண்ணு போல இருக்கணும். அப்புறம் விரல் பட்டா பக்கம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடுது பாருங்க, அது எனக்குப் பிடிக்கல."

நூலக்காவிடம் போய் இப்படிச் சொல்லலாமா. வெல்லக் கட்டியை எறும்பிடம் காட்டியது போல ஆயிற்று. அவள் ராப்பகலாக அதே நினைப்பாக இருந்தாள். பக்கவாட்டில் ஆடுவதை முதலில் நிறுத்தினாள். செருப்பு ரேக்கிலிருந்த போன்கள் போதவில்லை. கீழே மெத்தைக் கடைக்காரர் போனை வாங்கிப் பார்த்தாள், மகளின் போனை வாங்கிப் பார்த்தாள். கணவரிடமும் கேட்டாள்.

"சார்ஜ் இல்ல," என்றார் அவர்.

மறுநாளும் சார்ஜ் இல்லை. அதற்கு மறுநாள், "டிப்போவிலேயே வச்சுட்டு வந்துட்டேன் போலிருக்கு," என்றார். ஆனால் சட்டைப் பையில் அது துருத்திக்கொண்டிருந்தது. அவள் பார்த்தும் பாராதவள் போல அடுக்களைக்குள் போனாள். போனவளுக்குக் கை ஓடவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் ஒரு பொருளை ஒளித்தது கிடையாது. போனை ஒளிக்கிற ஆண்களைப் பற்றி அவளும் நாலு கதை கேட்டிருக்கிறாள். இந்த மனுஷனா, இந்த வயதிலா என்று ஒரு மனம் சிரித்தது. இன்னொரு மனம் சிரிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் புகார்ப் பெட்டியில் ஒரு படம் வந்து விழுந்தது. யாரோ ஒருவர் தன் போன் திரையை அப்படியே படம் பிடித்து அனுப்பியிருந்தார். நூலக்கா பார்த்துப் பார்த்துச் செதுக்கிய பக்கம் அதில் அலங்கோலமாகக் கிடந்தது. எழுத்தெல்லாம் பூதாகரமாக இருந்தது. ஒரு பெயருக்கு மூன்று வரி. ‘ஏற்கிறேன்’ பட்டன் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பக்கத்தில் இருக்க வேண்டிய ‘முடியாது’ திரைக்கு வெளியே எங்கோ போய்விட்டிருந்தது. பக்கத்தை நகர்த்திப் பார்க்கவும் வழியில்லை. ஆடக் கூடாது என்று அவள்தானே நிறுத்திவைத்திருந்தாள். படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி: முடியாது பட்டன் எங்க?

முதலாளி எட்டிப் பார்த்தார். "யாரு போன்க்கா இது? எழுத்தெல்லாம் வீங்கிப்போய்க் கிடக்கு."

"எந்தக் காலத்து போனோ," என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சிரித்தாளே தவிர அவளுக்கு உடம்பெல்லாம் அரித்தது. இது எந்த பிரவுசர், எந்தப் பதிப்பு, திரையின் அகலம் என்ன என்று குடைந்து குடைந்து பார்த்தாள். கடைசியில் கண்டுபிடித்தாள். பிரவுசரில் ஒரு கோளாறும் இல்லை. அந்த போன்காரர் தன் போனில் எழுத்தின் அளவைக் கூட்டி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த ஆள் எதற்காக எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறார் என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை. அவள் கண்ணுக்கு அது கலைந்துபோன ஒரு பக்கம். கலைந்ததை அடுக்கிவைக்கத்தான் அவளுக்குத் தெரியும்.

அடுக்கிவைத்தாள். போனில் யார் என்ன அளவு வைத்துக்கொண்டாலும் இந்தப் பக்கம் அதற்கு மசியாதபடி ஒவ்வோர் எழுத்துக்கும் அளவை ஆணியடித்து நிறுத்தினாள். இரண்டு விரலால் விரித்தால் பக்கம் பெரிதாகுமே, அதையும் பூட்டினாள். இப்போது செருப்பு ரேக்கில் எந்த போனை எடுத்தாலும் அச்சு அசலாக ஒன்று. இரண்டு பட்டனும் பக்கத்துக்குப் பக்கம், ஓர் இழை பிசகில்லை. மேனேஜர் தன் போனையும் மனைவியின் போனையும் கம்ப்யூட்டரையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "இதுதான் மேடம் நான் கேட்டது," என்றார். அன்று முழுவதும் நூலக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். மேனேஜர் வேறு ஏதோ திருத்தம் சொல்லக் கூப்பிட்டவர், பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எல்லாரும் சரியாப் பார்த்துக்கிறாங்க மேடம். உங்க வீட்டுக்காரர்தான் இன்னைக்குக் கோட்டை விட்டுட்டார். தன் பேருக்கு நேரா இருக்கிற நம்பரை விட்டுட்டு அடுத்த வரியில இருக்கிறதைப் படிச்சுட்டு, வேற ஒருத்தர் பஸ்ஸை எடுத்துட்டுக் கிளம்பிட்டார். கேட்டுல மறிச்சுக் கூட்டிட்டு வந்தோம். ஒரு டோஸ் விட்டேன். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் ஏதோ பதில் சொல்லி போனை வைத்தாள். அவமானம் கணவருக்கு நேர்ந்தது, ஆனால் அவளுக்கு முதலில் உறைத்தது வேறு. அவள் பக்கத்தை ஒருவர் தவறாகப் படிப்பதா. வரிக்கும் வரிக்கும் இடைவெளியை அவள் எத்தனை முறை மாற்றி மாற்றிப் பார்த்தவள். அவர் போனில் மட்டும் ஏதோ பிசகியிருக்கிறது, இன்றைக்கு அதைப் பிடுங்கியாவது பார்த்துவிட வேண்டும் என்று அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வழியில் அந்தப் பழைய சந்தேகமும் கூடவே நடந்து வந்தது. பிசகியிருப்பது போன்தானா என்று அது கேட்டுக்கொண்டே வந்தது.

வீட்டில் அவர் காலை ஷிப்ட் முடிந்து வந்து குளித்துக்கொண்டிருந்தார். சட்டை நாற்காலி முதுகில் கிடந்தது. அவள் பையில் கையை விட்டு போனை எடுத்தாள். கடவு எண் மகளின் பிறந்த நாள், அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

திறந்ததும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மணி காட்டுகிற எண்கள் ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம் இருந்தன. பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். திரைக்கு இரண்டு மூன்று பெயர்தான் அடங்கியது. மெசேஜ்களைத் திறந்தாள். அங்கும் அப்படித்தான். வேறு எந்தப் பெண்ணும் அந்த போனில் இல்லை. அப்பாடா என்று ஒரு கணம் வந்தது, வந்த கணமே அது போய்விட்டது. அவள் தன் பக்கத்தைத் திறந்தாள்.

அந்த போனில் எல்லாமே பெரியது. அவள் செய்த பக்கம் மட்டும் சின்னது. அத்தனை பெரிய எழுத்துகளைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் யாரோ மிளகைக் கொட்டிவைத்தது போல இருந்தது. கை தானாகப் போய் இரண்டு விரலால் விரித்தது. பக்கம் அசையவில்லை. மறுபடி விரித்தாள். பூட்டியது யார் என்று அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

அவருக்குக் கண் தெரியவில்லை. இத்தனை பெரிய எழுத்து இல்லாமல் அவரால் படிக்க முடியவில்லை. அவர் பஸ் ஓட்டுகிறார். இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குள் இறங்கின. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் ஒரு நாற்காலியில் முழுதாக உட்கார்ந்தாள்.

நிதானம் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். அவள் கையில் தன் போன் இருப்பதை, பக்கத்தில் வந்த பிறகுதான் கண்டார். அதையும் அவள் கவனித்தாள்.

"எழுத்து எப்ப இருந்துங்க இவ்வளவு பெருசு?"

"கண்டக்டர் தம்பி வச்சுக் குடுத்தான். வெயில்ல கண்ணு கூசுதுன்னேன்."

"எப்ப இருந்துன்னு கேட்டேன்."

"கொஞ்ச நாளா."

அவள் எழுந்து அவர் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எதிர்க் கட்டிடத்து மாடியைக் காட்டினாள். "அங்க என்ன போர்டு?"

"டியூஷன் சென்டர். அது தெரியாதா எனக்கு?"

"அவங்க காலி பண்ணிட்டுப் போயாச்சு. இப்ப அங்க பல் டாக்டர் வந்திருக்கார். போர்டு பச்சைக் கலர்ல பளிச்சுன்னு இருக்கு."

அவர் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை தெரிந்திருக்கலாம். துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"ரோடு வேறம்மா. ரோடு எனக்கு மனப்பாடம்."

"ரோடு மனப்பாடம். குறுக்க வர்றவன் மனப்பாடமா?"

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. எத்தனை பேர் நம்பி ஏறுகிறார்கள், கைக்குழந்தையோடு ஏறுகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் படியில் நிற்கிறார்கள், என்ன தைரியம் உங்களுக்கு என்று கத்தினாள். அவள் கத்தி முடித்த பிறகு அவர் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ரெண்டு வாரம் முன்னாடி ஒரு சைக்கிள்காரன்," என்றார். "எனக்கு முன்னாடி யாருமே இல்ல. அப்புறம் அவன் இருந்தான். கண்டக்டர் தம்பி கத்தினான், நான் மிதிச்சேன். அவன் திரும்பிப் பார்த்துட்டுப் போய்ட்டான். அவ்வளவுதான். ஆனா அன்னையில இருந்து எனக்குத் தூக்கம் இல்ல."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ விடுவியா. உடனே மேனேஜர்கிட்ட சொல்லுன்னு நிப்பே. நானே சொல்லிடணும்னுதான் தினமும் போறேன். அந்த ஆள் ரூம் வாசல் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன். ஸ்டியரிங் பிடிக்காத டிரைவரை என்னன்னும்மா கூப்பிடுவாங்க? ஆளைப் பார்த்துச் சொல்ல வாய் வரல. பட்டன்னா பரவாயில்லை, கண்ணை மூடிக்கிட்டு அழுத்திடலாம்னு பார்த்தேன். பட்டனைக் காணோம்."

"அந்தப் படம் அனுப்பினது நீங்களா?"

"பின்ன? பேரு கேக்க மாட்டாங்கன்னு நீதானே சொன்னே. அனுப்பிட்டு ரெண்டு நாள் திறந்து திறந்து பார்த்தேன். ஒரு நாள் பக்கம் மாறியிருந்துச்சு. சரி பண்ணிட்டாங்கன்னு நினைச்சேன். பார்த்தா எழுத்தே இல்ல. பொடிப்பொடியா ஏதோ இருக்கு. எது எந்தப் பட்டன்னு தெரியல. தொடப் பயமாயிருச்சு." பிறகு, "அழுத்தாட்டி ஏத்துக்கிட்டதாத்தானே கணக்கு. தினமும் ஏத்துக்கிட்டவனா ஆயிட்டேன்," என்றார்.

அந்தப் படத்தைப் பார்த்து முதலாளியோடு சேர்ந்து சிரித்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. தன் வாயில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அவர் முடியாது முடியாது என்று அவளிடம்தான் வந்து சொல்லியிருக்கிறார். அவள் அந்த வார்த்தையை ஒழுங்காக அடுக்கி, சின்னதாக்கி, பூட்டி வைத்துவிட்டாள்.

நாளைக்கும் அவர் பெயருக்கு நேரே ஒரு பஸ் எண் இருந்தது. அதிகாலை வண்டி. ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

"நான் அழுத்திடட்டுமா?" என்றாள்.

"வேணாம். நீ அழுத்தினா அது நீ சொன்னதாத்தான் இருக்கும்."

அவள் கணினியை எடுத்து மேசையில் வைத்தாள். யாரிடமும் கேட்கவில்லை. முதலில் விரலுக்குப் போட்ட பூட்டை எடுத்தாள். பிறகு எழுத்துகளுக்கு அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அளவை இவ்வளவு என்று எழுதாமல், போன்காரர் வைத்திருக்கும் அளவுக்கு இத்தனை மடங்கு என்று மாற்றி எழுதினாள். அவர் போனில் திறந்தாள். பழைய அலங்கோலம் அப்படியே திரும்பி வந்தது. எழுத்து பெரிதாகியிருந்தது, ‘முடியாது’ பட்டன் மறுபடியும் வெளியே போய்விட்டது.

வழக்கமாக இந்த இடத்தில் அவள் எழுந்து நாலு நடை நடந்திருப்பாள். இன்றைக்கு நடந்தது அவர். ஜன்னலுக்குப் போனார், வாசலுக்குப் போனார், அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார், குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்துவிட்டுக் குடிக்காமல் வைத்தார். "மேனேஜர் பார்த்தா சத்தம் போடுவாரே," என்றார். "போடட்டும்," என்றாள் அவள். இரண்டு பட்டனையும் ஒரே வரியில் கட்டிப்போட்டிருந்த கட்டை அவிழ்த்தாள். இடம் போதவில்லை என்றால் ஒன்று இறங்கி மற்றதற்குக் கீழே நின்றுகொள்ளட்டும் என்று எழுதினாள். கீழே இறங்கிய பட்டன் ஓரத்தில் கொஞ்சம் கோணலாகத்தான் நின்றது. அதை அவள் கை தொடப் போனது. வேண்டாம், அது அப்புறம் என்று விட்டுவிட்டாள்.

தன் போனில் பார்த்தாள். முன்பு இருந்தது போலவே இருந்தது, பட்டன்கள் பக்கத்துக்குப் பக்கம். மேனேஜரின் கணினியிலும் ஒன்றும் மாறியிருக்காது. எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் வேறாகத் தெரியும். இவ்வளவுதான் வேலை, இதை அன்றைக்கே செய்திருக்கலாம் என்று தெரிந்தபோது அவளுக்குத் தன்மேல் ஆத்திர ஆத்திரமாக வந்தது. எல்லாரும் ஒரே அளவைப் பார்க்க வேண்டும் என்று அலைந்தாளே தவிர, எல்லாராலும் அதைப் பார்க்க முடிகிறதா என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

"இப்பப் பாருங்க," என்று போனை அவரிடம் நீட்டினாள்.

அவர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். உதடு அசைந்தது. தன் பெயரைப் படித்தார். பஸ் எண்ணைப் படித்தார், நேரத்தைப் படித்தார். விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே கீழே வந்தார். "ஏற்கிறேன்," என்று வாய்விட்டுப் படித்தார். இன்னும் தள்ளினார். அடுத்ததைச் சத்தமாகப் படிக்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுத்திவிட்டாரா இல்லையா என்று திரும்பிப் பார்க்காமல் இருப்பது அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

மேனேஜர் கூப்பிட்டபோதுதான் அழுத்திவிட்டார் என்று தெரிந்தது. போன் அவர் கையிலேயே அலறியது. அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னய்யா, மறுபடியும் தப்பாப் படிச்சுட்டு அழுத்திட்டியா? முடியாதுன்னு வந்திருக்கு."

"இல்ல சார். படிச்சுட்டுத்தான் அழுத்தினேன்."

"உடம்பு சரியில்லையா?"

அவர் நூலக்காவைப் பார்த்தார், அல்லது அவள் இருந்த பக்கமாகப் பார்த்தார். "கண்ணு சார். கண்ணு தெரியல. வண்டி ஓட்ட முடியாது."

அந்தப் பக்கம் யாரோ பஸ்ஸைப் பின்னால் எடுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மேனேஜர், "இதை இப்ப வந்து சொல்றியே, விடிகாலை வண்டிக்கு நான் யாரைப் போடுறது," என்றார். அதையும் கோபமாகச் சொல்ல அவருக்கு வரவில்லை. "டாக்டரைப் போய்ப் பாரு. பார்த்துட்டு நேரா என்கிட்ட வா," என்று வைத்துவிட்டார்.

டாக்டர் என்ன சொல்வார், மறுபடி ஓட்ட விடுவார்களா, விடாவிட்டால் டிப்போவில் என்ன வேலை கொடுப்பார்கள் என்று அவளுக்குள் ஆயிரம் ஓடியது. கேட்க வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. பாரத்தை இறக்கி வைத்தவர் முகமாகவும் இல்லை, தோற்றவர் முகமாகவும் இல்லை. நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வந்த நாளில் இருக்கிற முகமாக இருந்தது.

"நீ அழறியா?" என்று மறுபடி தரையில் உட்கார்ந்துகொண்டே கேட்டார்.

"இல்லையே."

"தெரியலம்மா எனக்கு. அதான் கேக்கிறேன். கொஞ்சம் கிட்ட வா."

அவள் நாற்காலியை விட்டு இறங்கி அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்சம் என்றார். நகர்ந்தாள். இன்னும் கொஞ்சம் என்றார். முழங்கால் முழங்காலில் முட்டியது. அவர் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, ஈரமாக இருந்ததைத் துடைத்துவிட்டு, "ம், இப்பத் தெரியுது," என்றார்.

தன் முகம் அவருக்கு எவ்வளவு தூரத்தில் தெரியும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் அவள் அதற்கு அப்பால்தான் வீடு முழுக்கப் பறந்துகொண்டிருந்திருக்கிறாள். அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மகள் வந்து கதவைத் தட்டும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.